‘முதல் பந்தி’யை நிறுத்தியவர்கள்

அநியாயம் செய்யப்பட்டது கோமதிநாயகம் சாருக்கு, அக்கா. அவர் எழுதி அவரே இயக்கிய தொடரை, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஆனால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்த ஒரு தொடரை, சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் முன்னாலிருந்து இலையை உருவுவதுபோல உருவிவிட்டார்கள். ‘அடுத்த வாரத்தோடு முடிகிறது’ என்று ஒரு வரி போடவில்லை. ஒரு ஞாயிறு தர்மலிங்கம் அண்ணாச்சி வந்தார். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் நான்கு பெண்கள் தலை நிறைய மல்லிகைப் பூவோடு பனீர் வறுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குக் குமட்டியது. பனீரைச் சொல்லவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது அந்தப் பனீர் நிகழ்ச்சி விளம்பரப் பலகையைப் பார்த்து, “‘முதல் பந்தி’ நல்லாத்தான போயிட்டிருந்துச்சு, ஏன் நிப்பாட்டுனாங்களோ” என்று நீங்கள் முணுமுணுத்தீர்களே, அதனால்தான் சொல்கிறேன். உங்கள் நல்ல நேரம், அதற்கு முழு விடை தெரிந்த ஒரே ஆள் நான், இந்த பஸ்ஸில் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஆலங்குளம் வருவதற்குள் முடித்துவிடுவேன். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுங்களேன், காற்று இல்லாவிட்டால் என்னால் பேச முடியாது. நன்றி.

தொடரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆனாலும் அடிப்படையிலிருந்து வருகிறேன், வாதம் என்றால் அப்படித்தான் வர வேண்டும். ஒரு கல்யாண மண்டபம். அதன் முதலாளி தர்மலிங்கம். வாரத்துக்கு ஒரு கல்யாணம், வாரத்துக்கு ஒரு கூத்து. அவர் நெற்றி நிறைய திருநீறு, வாய் நிறைய ‘நம்ம பிள்ளைங்க’. ஆனால் அந்தப் பிள்ளைகள், அதாவது பரிமாறுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், ஒரு நிமிஷம் உட்காரக் கூடாது. நாற்காலி எல்லாம் விருந்தாளிக்கு. “உக்காந்தா ரத்தம் கெட்டிரும்ப்பா, நின்னு வேல பாத்தாத்தான் ஆயுசு கெட்டி” என்பார். சுவரில் யாராவது லேசாகச் சாய்ந்தால் போதும், திட்டமாட்டார், கத்தமாட்டார், மேசையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துத் தரையில் போடுவார். ணங்! எல்லாரும் நிமிர்ந்துவிடுவார்கள். எங்கள் வகுப்பில் யாராவது தூங்கினால் ஸ்டீல் ஸ்கேலைத் தரையில் போடுவோம். ஊரெல்லாம் இதுதான். உங்கள் வீட்டிலும் செய்தீர்களா? பார்த்தீர்களா!

இனிமேல்தான் அருவருப்பு ஆரம்பிக்கிறது. சேனல்காரன் அரை மணி நேரத்தை விற்பான். ஒரு தயாரிப்பாளர் அதை வாங்குவார். அந்தத் தயாரிப்பாளருக்குப் பின்னால் ஒரு கடைக்காரர் நிற்பார். எழுதுகிறவர், நடிக்கிறவர் எல்லாரும் அந்தக் கடைக்காரர் தோளில் உட்கார்ந்திருக்கிற குருவிகள். அவர் தோளை ஒரு குலுக்குக் குலுக்கினால் தீர்ந்தது. இந்தத் தொடருக்கு அந்தத் தோள், பொன்னுரங்கம் பாத்திர மாளிகை. நான்கு மாடி. பெயர் போடும்போது முதலில் அதுதான் வரும். மண்டபத்தில் நீங்கள் பார்த்த அண்டா, தூக்குவாளி, தர்மலிங்கம் போடுகிற கரண்டி வரைக்கும் அந்தக் கடைச் சரக்கு.

பொன்னுரங்கம் அண்ணாச்சிக்குத் தொடர் என்றால் உயிர். படப்பிடிப்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிப்பார். “ஏ கோமதி, இந்தத் தர்மலிங்கம் அச்சு அசல் எங்க சம்பந்திடே! அந்தாளும் இப்படித்தான், வேலக்காரன ஒக்கார விடமாட்டான், கஞ்சன். ஒனக்கு எப்படிடே தெரிஞ்சது?” என்று தொடையில் தட்டிக் கேட்பாராம். கோமதிநாயகம் சார், “எல்லாம் ஒரு யூகம்தான், அண்ணாச்சி” என்பாராம். சம்பந்திக்கும் தொடர் பிடிக்குமாம். அவர் யாரை நினைத்துச் சிரித்தாரோ.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் எம்.ஏ. இதழியல், அக்கா. என் ஆய்வே ‘முதல் பந்தி’தான். அதற்காகக் கோமதிநாயகம் சாரைப் பேட்டி எடுக்க அவர் வீட்டுக்கு, பேட்டைக்குப் போனேன். ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். இருபது வருஷமாக யார் யார் பெயரிலோ வசனம் எழுதிவிட்டு, முதல் முறையாகத் தன் பெயரிலேயே எழுதியவர். அவரே சொன்னார். “நம்ம பேரு ஓடுதப்போ நான் டிவிய பாக்க மாட்டேம்மா, கண்ணு கலங்கிரும். தங்கச்சிதான் பாத்துச் சொல்லுவா, வந்துட்டு போயிட்டுன்னு.”

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தங்கச்சி வேலை முடிந்து வந்தார். உலகம்மாள். காப்பியை வாங்கி வாசற்படியில் சாய்ந்து நின்றே குடித்தார். வீட்டில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. நான், “உக்காருங்கக்கா” என்றேன். “உக்காந்தா எந்திரிக்க முடியாதும்மா, அப்புறம் யாரு ஒலை வைக்க” என்று சிரித்தார். எனக்குப் பொறி தட்டியது. எங்கே வேலை என்று கேட்டேன். பாத்திர மாளிகை, இரண்டாவது மாடி, கரண்டிப் பிரிவு!

பிறகு அந்த அம்மாள் வாயைத் திறந்தார், நான் திறந்த வாயை மூடவில்லை. காலையில் கடை திறந்ததிலிருந்து நிற்க வேண்டும். அலமாரியில் சாய்ந்தால் அண்ணாச்சி மாடிப்படியிலிருந்து பார்ப்பார். திட்டமாட்டார். கல்லாப் பக்கத்திலிருந்து ஒரு கரண்டியை எடுத்து... ஆமாம், அக்கா, அதேதான். “ரத்தம் கெட்டிரும்” என்பதுகூட அவர் வார்த்தைதான். உலகம்மாள் நடித்தே காட்டினார். அண்ணனும் தங்கையும் சிரித்து முடியவில்லை. தினமும் ராத்திரி இவர் சொல்வார், அவர் எழுதுவார். அப்படித்தான் தொடர் உருவாகியிருக்கிறது. முதலாளி தந்த பணத்தில், முதலாளியின் பாத்திரத்தை வைத்து, முதலாளியைப் பார்த்தே நாடு முழுவதையும் சிரிக்க வைத்திருக்கிறார்கள். முதலாளியும் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். இதைவிட அழகான ஒரு புரட்சியை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்குப் புல்லரித்துவிட்டது.

கிளம்பும்போது கோமதிநாயகம் சார் தெருமுனை வரைக்கும் வந்தார். “ஏம்மா, அந்தக் கடை விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். எழுதிராதீங்க” என்றார். எவ்வளவு அடக்கம் பாருங்கள்! தனக்கு வர வேண்டிய பெருமையைத் தானே வேண்டாம் என்று சொல்கிற மனிதர். நானும் எழுதவில்லை. இன்றுவரைக்கும் ஒரு வரி எழுதவில்லை. கொடுத்த வாக்கு வாக்குதான்.

இருங்கள், நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். முடித்துவிடுகிறேன்.

அந்த மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் முத்தமிழ் விழா. பட்டிமன்றம் இல்லாமல் என்ன முத்தமிழ்? தலைப்பு, ‘முதல் பந்தியின் வெற்றிக்குக் காரணம் சிரிப்பா, சிந்தனையா?’ சிறப்பு விருந்தினர் கோமதிநாயகம் சார். பரிசு வழங்குகிறவர் பொன்னுரங்கம் அண்ணாச்சி. இரண்டு பேரும் மேடையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தருக்கொருத்தர் பொன்னாடை போட்டுக்கொண்டார்கள். நான் சிந்தனை அணித் தலைவி. எதிரணித் தலைவன் ஜெபசிங். பாளையங்கோட்டைக்காரன், வாயைத் திறந்தால் கைத்தட்டு வாங்காமல் மூடமாட்டான். அவன் சொன்னான், “நடுவர் அவர்களே, தர்மலிங்கம் யாரு? யாரும் இல்ல! அதனாலதான் எல்லாரும் சிரிக்காங்க. ஒவ்வொருத்தரும் பக்கத்து வீட்டுக்காரன நெனச்சிச் சிரிக்காங்க. இவர்தான்னு கைகாட்டிட்டா அப்புறம் யாருய்யா சிரிப்பா?” அரங்கம் அதிர்ந்தது. பொன்னுரங்கம் அண்ணாச்சி எல்லாரையும்விட ஓங்கிக் கைதட்டினார்.

இந்த மாதிரி மொண்ணை வாதம் எனக்கு ஆகாது. உண்மை கையில் இருக்கிறது, அதை மடியில் கட்டிக்கொண்டு தோற்க வேண்டுமா? எழுதக் கூடாது என்றுதான் வாக்கு. நான் பேசத்தானே போகிறேன்? மைக்கைப் பிடித்தேன்.

“நடுவர் அவர்களே! தர்மலிங்கம் கற்பனை என்கிறார் எதிரணித் தலைவர். இதே ஊரில் நான்கு மாடிக் கடை ஒன்றில், கரண்டி விழுகிற சத்தத்துக்கு நிமிர்ந்து நிற்கிறாளே ஒரு பெண், அவள் கற்பனையா? அந்தக் கரண்டியைப் போடுகிற கை கற்பனையா? அந்தக் கைதான், நடுவர் அவர்களே, இன்று நமக்குப் பரிசு தரப்போகிற கை!”

கோமதிநாயகம் சார் நடுவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். நடுவர் மணியை அடித்தார். எனக்கு இன்னும் நேரம் இருந்தது, அக்கா. மணி அடித்தால் நிறுத்துகிறவளா நான்? “எழுத்தாளரின் சொந்தத் தங்கையே அங்கே, இரண்டாவது மாடியில், நின்றுகொண்டிருக்கிறார்! அந்தக் கால்வலியில் பிறந்ததுதான் இந்தச் சிரிப்பு. இப்போது சொல்லுங்கள், இது சிரிப்பா, சிந்தனையா?” என்று முடித்தேன். பின்வரிசையிலிருந்து எவனோ சாப்பாட்டுக் கரண்டியைத் தரையில் போட்டான். ணங்! மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அத்தனை முகமும் பொன்னுரங்கம் அண்ணாச்சியைத்தான் பார்த்தது. அவரும் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றது. கோமதிநாயகம் சார் தலையைக் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் பாராட்டினால் கூச்சப்படுகிற மனிதர்.

தீர்ப்பு எங்களுக்கு. ‘சிறந்த பேச்சாளர்’ எனக்கு. பரிசு, பொன்னுரங்கம் பாத்திர மாளிகையின் அஞ்சு லிட்டர் குக்கர். அண்ணாச்சியே கையில் கொடுத்தார். போட்டோவுக்கு நிற்கும்போது மெதுவாகக் கேட்டார். “நல்லாப் பேசுனியேம்மா. ரெண்டாவது மாடியா?”

“ஆமா அண்ணாச்சி.”

“பிள்ளைங்க நெறைய இருக்குல்லா. பேரு தெரிஞ்சா நல்லாருக்கும்.”

சொன்னேன். மேடையில் நான் பெயர் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுமேடையில் ஒரு பெண்ணின் பெயரை இழுப்பது நாகரிகம் இல்லை, எனக்கு அது தெரியும். ஆனால் பெரியவர் ஒருத்தர் தனியாகக் கேட்கும்போது பொய் சொல்வதா? கேட்ட தோரணை அப்படி. மனம் மாறிவிட்டார், அந்த அம்மாளுக்கு ஏதோ நல்லது செய்யப்போகிறார் என்றுதான் நினைத்தேன். என் பேச்சுக்கு அந்தச் சக்தி உண்டு என்று எங்கள் துறைத்தலைவரே சொல்லியிருக்கிறார்.

நல்லது செய்தார்! மறுநாள் காலையில் உலகம்மாளைக் கடைவாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். “வீட்டுல போயி நல்லா உக்காருங்க” என்று சொல்லி அனுப்பினார்களாம். சீ! எவ்வளவு கேவலமான மனசு! ஒரு சின்ன விமர்சனம், அதுவும் இலக்கிய விமர்சனம், அதைத் தாங்க முடியாதவன் என்ன மனுஷன்?

அதைவிடக் கேவலம் படப்பிடிப்பில் நடந்தது. லைட் பிடிக்கிற தாத்ரூஸ் அண்ணன் சொன்னார். அடுத்த வாரப் பகுதிக்குப் பந்தி காட்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மண்டப வாசலில் கடை மினி லாரி வந்து நிற்கிறது. நாலு பேர் இறங்கி, “பாத்திரத்த எடுக்கச் சொன்னாங்க” என்கிறார்கள். அண்டாவில் நிஜச் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கிறது. தயாரிப்பாளர் கெஞ்சுகிறார், “இந்த ஒரு ஷாட்டு மட்டும்ப்பா.” அவர்கள் கேட்கவில்லை. “சாம்பார் ஒங்களுது, அண்டா எங்களுது” என்று சொல்லி, சாம்பாரைப் பிளாஸ்டிக் வாளிகளில் ஊற்றிவிட்டு அண்டாவைச் சூட்டோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த துணை நடிகர்கள் முன்னால் இலை இருக்கிறது, எடுத்துப் போடக் கரண்டி இல்லை. தர்மலிங்கமாக நடித்தவர் மேக்கப்பைக் கலைக்காமலே பஸ் ஏறிப் போய்விட்டாராம்.

தயாரிப்பாளர் வேறு கடை தேடினார். ஒரு கடைக்காரனும் வரவில்லை. ஜவுளிக்கடைக்காரன், நகைக்கடைக்காரன், அப்பளக் கம்பெனி, எல்லாரும் ஒரே பதில். “தர்மலிங்கம் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நாளைக்கு நம்மளச் சொல்ல மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?” முதுகெலும்பு இல்லாத கூட்டம். சேனல்காரன் அதைவிட மோசம். அதே நேரத்தை அதே பொன்னுரங்கத்துக்கு விற்றுவிட்டான். அதுதான் பனீர். அந்தப் பெண்களின் வாணலியை உற்றுப் பாருங்கள், கடை முத்திரை தெரியும். இந்த ஜனங்கள் மட்டும் என்ன? முதல் வாரம் ‘ஐயோ போச்சே’ என்றார்கள். இரண்டாவது வாரம் பனீருக்குக் குடமிளகாய் போடலாமா என்று எங்கள் விடுதி வார்டனே என்னிடம் கேட்கிறார். தூ!

நான் சும்மா இருக்கவில்லை. பதிவு மேல் பதிவு போட்டேன். ‘உலகம்மாளுக்கு நீதி வேண்டும்’ என்று, பொன்னுரங்கம் மேடையில் என்னோடு எடுத்த படத்தையும் சேர்த்து. எத்தனை ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள் தெரியுமா? உலகம்மாள் வேறு கடைகளுக்கு வேலை கேட்டுப் போனபோது, “நீங்கதான அந்த உலகம்மாள்” என்று எல்லாருமே அடையாளம் கண்டுகொண்டார்களாம். அந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் இந்த ஜெபசிங் இருக்கிறானே, பொறாமைக்குப் பிறந்தவன், கேண்டீனில் எல்லாரும் இருக்கும்போது கேட்கிறான். “ஏ வேனிலு, அடுத்து எந்தத் தொடரப் பாராட்டப் போற? முன்னாலயே சொல்லிரு, கடைசியா ஒரு தரம் பாத்துக்கிடுதேன்.” இதெல்லாம் ஒரு நகைச்சுவையா? இதற்கு நாலு பேர் சிரிக்கிறார்கள்.

கோமதிநாயகம் சாருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். ஒரு நாள் எடுத்து, “ஷூட்டிங்ல இருக்கேம்மா” என்று வைத்துவிட்டார். எந்த ஷூட்டிங்? தாத்ரூஸ் அண்ணனிடம் விசாரித்தால், சென்னையில் யாரோ எழுதுகிற மாமியார் மருமகள் தொடருக்குப் பெயர் போடாமல் வசனம் எழுதப் போயிருக்கிறாராம். எனக்கு ஆத்திரமாக வந்தது. போராட வேண்டிய நேரத்தில் ஓடிப்போகிறவர்களை என்ன சொல்வது? சரி, ஆண்கள் இப்படித்தான். பாதிக்கப்பட்ட பெண் இருக்கிறாரே என்று இன்றைக்குக் காலையில் நேரே பேட்டைக்குப் போனேன். அங்கிருந்துதான் இப்போது வருகிறேன்.

என் திட்டத்தைக் கேளுங்கள். வரும் சனிக்கிழமை பாத்திர மாளிகை வாசலில் உலகம்மாள் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான்! நாங்கள் முந்நூறு மாணவர்கள் சுற்றி நிற்போம், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், நான் பேசுவேன். எப்பேர்ப்பட்ட காட்சி! அதற்கு அந்த அம்மாள் சம்மதிக்க வேண்டும், நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

போனபோது அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. நான் வாசலில் நின்றே முழுத் திட்டத்தையும் சொன்னேன். வர்க்கம், உழைப்பு, உரிமை எல்லாவற்றையும் எளிமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டே டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தார், குடையை வைத்தார், தலையைக் கட்டிக்கொண்டார். “நான் பஸ்ஸப் பிடிக்கணும்மா” என்றார். வேலைக்குப் போகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மனசு நிறைந்துவிட்டது, அக்கா, சத்தியமாக. யார் என்ன சொன்னாலும் நான் எழுப்பிய குரல் வீண் போகவில்லை, எங்கோ ஒரு நல்ல முதலாளி கேட்டிருக்கிறார். அந்த முதலாளியைப் பற்றியும் ஊருக்குச் சொல்ல வேண்டாமா? சனிக்கிழமை மேடையிலேயே பெயரைச் சொல்லிப் பாராட்டிவிடலாமே? அந்த நல்லெண்ணத்தில்தான், “எந்தக் கடையிலக்கா?” என்று கேட்டேன்.

அதற்கு அந்த அம்மாள் கொடுத்த பதிலைக் கேளுங்கள். அவருக்காகத் தொண்டை கிழியக் கத்திய ஒருத்திக்கு, வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்த ஒருத்திக்கு, கொடுத்த பதில். நீங்களே நடுவராக இருந்து சொல்லுங்கள். கதவைப் பூட்டினார், சாவியை இடுப்பில் செருகினார், படியிறங்கி என்னைத் தாண்டிப் போய், தெருவில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“கெடச்சிருக்கும்மா, ஒரு வேல. எங்கன்னு மட்டும் ஒங்ககிட்டச் சொல்ல மாட்டேன்.”